என் பாராகிளைடருக்குக் கஞ்சி போட்டார்கள்

காஞ்சிபுரத்தில் இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் என்னை மூன்று பட்டுக்கடைகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்குப் பட்டுச்சேலை வேண்டாம். தோளில் நான் சுமந்து வந்த மூட்டைக்குள் இருந்தது கிழிந்துபோன பாராகிளைடர்.

அதைச் சொன்னால் ஆட்டோக்காரர் கேட்க வேண்டுமே. மூட்டையைப் பார்த்தார், நான் பேசும் தமிழைக் கேட்டார், வெளிநாட்டுக் கல்யாணப் பார்ட்டி என்று முடிவு செய்துவிட்டார். "பிள்ளையார்பாளையம் போகணும்னு சொன்னேன் லா" என்று கத்தினேன். "தோ, போற வழிதாம்மா. சும்மா பாருங்க, வாங்கணும்னு இல்ல" என்றார். மூன்றாவது கடையில் ஒரு விற்பனையாளர் என் மூட்டையைப் பிடித்துக்கொண்டு, "ரிட்டனாம்மா? பில் இருக்குதா?" என்று கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. மூட்டையைத் திறந்து ஆரஞ்சு நிறத் துணியை மேசைமேல் இழுத்துப் போட்டேன். அவர் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது இன்னாம்மா, பாலியஸ்டரா?"

"நைலான்."

"கட்டுனா வேர்க்குமே" என்றார் கவலையோடு.

நான் மலேசியாக்காரி. பதினோரு வருடம் விமான நிலையத்தில் வேலை பார்த்தேன். பயணிகள் இறங்கியதும் ஏறி இருக்கைகளைத் துடைக்கிற வேலை. விமானம் கிளம்புவதற்கு முன் நாங்கள் இறங்கிவிட வேண்டும். பதினோரு வருடம் விமானத்தில் ஏறினேன், ஒரு நாளும் பறக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பாராகிளைடிங் கற்றேன். பிறகு ஒரு முதலாளியிடம் கூலிக்குப் பறந்தேன். ஒரு பயணியை முன்னால் கட்டிக்கொண்டு குன்றிலிருந்து குதித்துப் பத்து நிமிடம் சுற்றிக் காட்டி இறக்குவது. ஐந்து வருடம் அவருக்கு உழைத்தது போதும் என்று வெளியே வந்து, அவரிடமிருந்தே இருவர் பறக்கும் இந்தப் பழைய பாராகிளைடரை வாங்கினேன்.

கடலோரத்தில் ஒரு குன்று இருக்கிறது. அதன் சொந்தக்காரர் ஒரு சீனப் பணக்காரர், எங்கள் ஊர்ப் பேச்சில் தவுக்கே. அங்கே பறக்கும் உரிமையை ஒரே ஆளுக்குத்தான் கொடுப்பார். கேட்டவர்கள் இரண்டு பேர், நானும் இன்னொரு பைலட்டும். வரும் சனிக்கிழமை தவுக்கே தானே பயணியாக என் முன்னால் உட்கார்ந்து பறந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்துத்தான் புறப்படும்போது இடப்பக்கம் இழுத்துப் புதரில் மாட்டித் துணி கிழிந்தது. தயாரித்த கம்பெனிக்கு அனுப்பினால் இரண்டு மாதம் ஆகும். ஒரு நேபாளி பைலட்தான் சொன்னார்: "காஞ்சிபுரத்தில் ஒரு ஆள் தைக்கிறார். நேரில் கொண்டுபோனால் மூன்று நாளில் கொடுப்பார்." வியாழக்கிழமை இரவு எனக்குத் திரும்பும் விமானம். கணக்கு இவ்வளவுதான்.

குமரேசன் வீட்டை அடைந்தபோது ஞாயிறு மாலை. அவருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். இளவயதில் ஏலகிரி மலைக்குப் பாராகிளைடர் பார்க்கப் போனவர், பறக்கக் கற்றுக்கொண்டு, வாங்கிய பழைய பாராகிளைடரைக் கிழித்து, தானே தைத்து, அதையே தொழிலாக்கிக்கொண்டவர். முன்னறையில் மனைவி செல்வியின் பட்டுத்தறி. பின்னறையில் இவருடைய தையல் மிஷின். தெருவில் யாரைக் கேட்டாலும் இவர் பெயர் தெரியாது, குடைக்காரர் வீடு என்றால்தான் தெரியும்.

தறியிலிருந்து எழாமலே செல்வி என்னைப் பார்த்தார். "வாங்கக்கா. இன்னொரு குடையா?" பிறகு உள்ளே பார்த்து, "ஏங்க, உங்க குடைக்கு ஆள் வந்துக்கீறாங்க. ப்ளேன்ல வந்துக்கீறாங்க. ப்ளேன் இருக்கசொல்ல இது எதுக்குன்னு கேளுங்க" என்றார். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

திங்கட்கிழமை காலை குமரேசன் கிழிசலைத் தரையில் விரித்துப் பார்த்தார். என் கை நீளம் இருந்தது. ஓரங்களை விரலால் சேர்த்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தெச்சுடலாம்க்கா. பாவையும் ஒரு தடவ அளந்துடலாமா?"

"பாவா?"

"இந்தக் கயிறுங்கதான். நீட்டுக்குப் போற நூலெல்லாம் எங்களுக்குப் பாவுதான்."

பாராகிளைடருக்கு மேலே துணி, கீழே நூற்றுக்கணக்கான மெல்லிய கயிறுகள். எல்லாம் சேர்ந்து பைலட்டின் இரண்டு தோள்பட்டைக்கு வரும். அவற்றை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டி அளக்க ஒரு முழு நாள் வேண்டும். அந்த முதலாளி ஆறு மாதத்துக்கு முன் அளந்தாயிற்று என்று சொல்லித்தான் விற்றார். "துணியைத் தைங்க. கயித்தத் தொடாதீங்க" என்றேன். குமரேசன் முகம் சுருங்கியது. எனக்கென்ன, நேரம் என்னுடையது.

"வியாழக்கிழம வேற அமாவாச. தெருவுல தறி ஓடாது" என்றார் செல்வி.

"என்ன ஊர் இது? நிலா இல்லாட்டி வேலை இல்லையா?"

"அக்கா, தறிதான் நிக்கும். தையல் மிஷினுக்கு அமாவாச இன்னா தெரியும்?"

செவ்வாய்க்கிழமை ஊரைச் சுற்றினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கோயில் பக்கத்தில் மிளகும் சுக்கும் தட்டிப்போட்ட இட்லி சாப்பிட்டேன். கூடையில் வேகவைத்து, கேக் போல வெட்டிக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் இட்லி என்றால் வெள்ளையாக, மெத்தென்று, ஒரு குணமும் இல்லாமல் இருக்கும். இது திருப்பிக் கடிக்கிறது. நான்கு துண்டு சாப்பிட்டேன். காபியைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன், சொன்னால் எங்கள் ஊரில் நுரை பொங்க ஆற்றித் தரும் தேநீரை, தே தாரேக்கை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகும். பக்கத்து மேசையில் தெலுங்கில் ஒரு தம்பதி சண்டை போட்டார்கள். சர்வர் எனக்கு மொழிபெயர்த்தார்: "இவ்ளோ தூரம் கூட்டிக்கினு வந்துட்டு ஒரே ஒரு பொடவையான்னு கேக்குது அந்தம்மா." அந்த அம்மா பக்கம்தான் நான்.

மாலை திரும்பியபோது தைத்து முடித்திருந்தார். கிழிந்த இடம் எது என்று தேட வேண்டியிருந்தது. நான் லேசில் யாரையும் பாராட்டுவதில்லை. "பரவாயில்லை" என்றேன். தறியிலிருந்து செல்வி, "கேட்டுக்கோங்க, மலேசியாவுலயே பரவாயில்லயாம்" என்றார்.

"காலைல ஒரு மணி நேரம் மட்டும் குடுங்கக்கா. வாசல்ல கட்டி சிக்கெடுத்துடறேன். சிக்கோட அனுப்புனா எனக்குத் தூக்கம் வராது" என்றார் குமரேசன். சரி என்றேன். என் முன்னாலேயே யாருக்கோ போன் செய்தார்: "ஏகாம்பரம் அண்ணே, காலைல எங்க வாசல்ல பாவு கட்டிடறேன். கொஞ்சம் வந்துடுங்க." இழுத்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அதற்காகக் கூப்பிட்டார். அதை அவர் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை ஆறரைக்கு என் விடுதியிலிருந்து நடந்து வந்தேன். அந்த நேரத்தில் அந்தத் தெருக்களைப் பார்க்க வேண்டும். தெரு நீளத்துக்குக் குறுக்குக் கழிகளை நட்டு, பட்டு நூலை இழுத்துக் கட்டியிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் அதற்குக் கஞ்சித் தண்ணீர் தடவி, நீவி, உலர்த்தி எடுக்க வேண்டும். நூல் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி. மோட்டார் சைக்கிள்காரர்கள்கூட ஓரமாகத்தான் போகிறார்கள். நாய்களும்.

குமரேசன் வீட்டு வாசலில் அந்தக் கழிகளில் என் கயிறுகள், சிவப்பும் மஞ்சளுமாக விறைப்பாக நின்றன. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், பனியனும் கட்டம் போட்ட லுங்கியுமாக, ஒரு குண்டானில் கையை விட்டு எடுத்து எடுத்துக் கயிறுகளை நீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். சோறு வடித்த வாசனை.

"யோவ், என்ன செய்றீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். "கஞ்சிம்மா" என்றார், நான் கண் தெரியாதவள் என்பது போல.

நான் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்தது. பால் வாங்கப் போயிருந்த குமரேசன் பாக்கெட்டோடு ஓடி வந்தார், பார்த்தார், பாக்கெட்டைக் கீழே போட்டார். "அண்ணே! இது பாவு இல்லண்ணே!"

"எது பாவு இல்ல? நீதானே போன்ல சொன்ன, வாசல்ல பாவு கட்டறேன் வான்னு?" என்றார் ஏகாம்பரம். "நாப்பது வருசமா பாவுன்னா கஞ்சிதான் போட்டுக்கினு இருக்கேன். வேற இன்னா போடுவாங்க, மாலையா?"

"பட்டு மாதிரியா இருக்குது இது?"

"கலரு நல்லா இருந்துச்சு. ஏதோ வெளிநாட்டு ஆர்டருன்னு நெனச்சேன்." என்னைப் பார்த்துச் சமாதானமாகச் சொன்னார்: "ஆனா நல்லா ஏறிக்கிச்சும்மா. தொட்டுப் பாரேன், மொடமொடன்னு இருக்குது."

நான் எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் திட்டினேன். சனிக்கிழமை போயிற்று, குன்று போயிற்று, இனி ஆயுசுக்கும் அந்த முதலாளியிடம்தான் கூலி வேலை என்றேன். கஞ்சி காய்ந்த கயிறு குச்சி மாதிரி ஆகிவிடும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எலியும் எறும்பும் வேறு வரும். அதைக் கட்டிக்கொண்டு குன்றிலிருந்து எப்படிக் குதிப்பது?

தறியை விட்டு இறங்கி வந்த செல்வி ஒரு பெரிய அலுமினியக் குண்டானை என் காலடியில் வைத்தார். "கத்துனா கஞ்சி போவுமாக்கா? இந்தப் பக்கம் புடிங்க."

பிடித்தேன். வெறும் தண்ணீரில் நானும் அவரும் குமரேசனும் கயிறு கயிறாக அலசினோம். ஏகாம்பரமும் சேர்ந்துகொண்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தோம். எட்டு முறை தண்ணீர் மாற்றினோம். வீட்டுக்குள் நிழலில் உலர்த்தினோம். நனைந்த கயிறு உலரும்போது சுருங்கும், இனி அளக்காமல் கொடுக்கவே மாட்டேன் என்று குமரேசன் சொல்லிவிட்டார். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை.

மதியம் செல்வி கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். கோபமாக இருக்கும்போது சாப்பிட மாட்டேன் என்று நினைத்திருந்தேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி இழுத்துக் கட்டினோம். குமரேசன் அளவுக் கருவியை எடுக்க உள்ளே போனார். செல்வி சும்மா நின்றுகொண்டு, கயிறுகளின் மேல் புறங்கையை ஓட்டினார், நாம் பூனையைத் தடவுவது போல. முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை. பின்வரிசையில் இடப்பக்கம் கை நின்றது. மறுபடி ஓட்டினார். மறுபடி நின்றது.

"ஏங்க, இந்த நாலு இழ இறுக்கமா இருக்குது."

"தண்ணியில சுருங்கியிருக்கும்" என்றார் குமரேசன் உள்ளிருந்து.

"தண்ணியில சுருங்குனா எல்லாந்தானே சுருங்கணும்? அது இன்னா, நாலு மட்டும் தனியா குளிச்சுதா? இது பழைய சுருக்கம்."

இருட்டும்வரை எல்லாவற்றையும் அளந்தார்கள். கம்பெனி கொடுத்த அளவுத்தாளோடு ஒப்பிட்டார்கள். மற்றதெல்லாம் ஒரு நூலளவு முன்னே பின்னே இருந்தது. அந்த நான்கும் கட்டைவிரல் அகலத்துக்குக் குறைவு. குமரேசன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, கெளம்பும்போது இது பின்னாலயே தொங்குமா? எடது பக்கம் இழுக்குமா?"

ஆமாம். இரண்டு மாதமாக. காற்று சரியில்லை என்றேன். பயணிகள் குண்டு என்றேன். கிளம்பும்போது துணியின் இடது நுனியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று என் உதவியாளர் பாக் டின்னைத் திட்டி வேலையை விட்டு அனுப்பினேன். ஐம்பத்தைந்து வயது மனிதர், எனக்காக அந்த முதலாளியை விட்டு வந்தவர். புதரில் மாட்டியதும் அந்த நான்கு கயிற்றால்தான். கிழிசலை மட்டும் தைத்துக்கொண்டு போயிருந்தால் சனிக்கிழமை தவுக்கேயை முன்னால் கட்டிக்கொண்டு அதே இடப்பக்கம் போயிருப்பேன். அல்லது காற்று குறைந்த நேரத்தில் நடுவானில் அது காற்றைப் பிடிக்காமல் நின்றிருக்கும். அதற்கு மேல் நினைக்கவில்லை.

வெளியே போய் பாக் டின்னுக்குப் போன் செய்தேன். உங்கள் தப்பு இல்லை, கயிற்றின் தப்பு, என் தப்பு என்று மலாயில் சொன்னேன்.  அவர், "தங்கச்சி, மன்னிப்புக் கேட்கும்போதும் நீ கத்துகிறாய்" என்றார். சனிக்கிழமை வருவதாகவும் சொன்னார்.

அடுத்து தவுக்கே. மறைக்க எனக்குத் தெரியாது. "என் பாராகிளைடரில் பழுது இருந்தது. இப்போதுதான் தெரிந்தது. சரி செய்கிறோம். சோதித்துப் பார்த்துத் திருப்தி இல்லை என்றால் சனிக்கிழமை வர மாட்டேன். குன்றை அந்த இன்னொரு பைலட்டுக்கே கொடுத்துவிடுங்கள்" என்றேன். அவர், "சரி. வந்தால் பழுது பார்த்த காகிதத்தோடு வா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை அமாவாசை. தெருவில் ஒரு தறிச் சத்தம்கூட இல்லை, காது அடைத்தது போல இருந்தது. குமரேசன் விடியற்காலையிலிருந்து புதுக் கயிறு வெட்டி நுனிகளில் கண்ணி தைத்துக்கொண்டிருந்தார். நான்கு மட்டும் மாற்றினால் போதும் என்றார். செல்வி விடவில்லை. "ஒரு பக்கம் புது இழ, ஒரு பக்கம் பழைய இழ போட்டா கரை இழுத்துக்கும். பொடவையே ஒழுங்கா வராது, இது ஆளத் தூக்கற சாமானு." வலப்பக்கத்து நான்கையும் சேர்த்து எட்டும் மாற்றினார்கள். ஒவ்வொன்றையும் செல்விதான் தொட்டுப் பார்த்துச் சரி சொன்னார். இரண்டை அவிழ்த்து மறுபடி தைக்கச் சொன்னார். தறி ஓடும் நாளாக இருந்தால் அவருக்கு இதற்கு நேரம் இருந்திருக்காது. அமாவாசையைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

வடை பாயசத்தோடு சாப்பாடு. காக்கைக்கு வைத்த பிறகுதான் எனக்கு. எங்கள் வீட்டில் என்னைத்தான் முதலில் உட்கார வைப்பார்கள், இல்லாவிட்டால் கத்துவேன் என்று தெரியும். இங்கே காக்கைக்காகப் பேசாமல் காத்திருந்தேன்.

மூன்று மணிக்கு ஒரு சரக்கு ஆட்டோவில் தாமல் ஏரிக்குப் போனோம். பாதி வழியில் சங்கிலி கழன்றது போல ஒரு சத்தம் கேட்டு வண்டி நின்றது. எட்டு மணிக்கு நான் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி என் முழங்கையைப் பிடித்து, "எண்ணிக்கினே இருங்க" என்றார். அறுநூற்றுச் சொச்சம் எண்ணினேன். வண்டி கிளம்பியது.

கோடையில் அந்த ஏரி பெரிய மைதானம் மாதிரி கிடக்கிறது. தறிக்கு விடுமுறை என்பதால் ஏகாம்பரத்தோடு தெருவிலிருந்து ஆறேழு பேர் வண்டியில் ஏறி வந்திருந்தார்கள். காற்று இல்லை. துணியை விரித்துவிட்டு நின்றோம். நாலரைக்கு மேல் கிழக்கிலிருந்து கடல் காற்று வந்தது. குமரேசனைப் பயணி இடத்தில் கட்டிக்கொண்டு, கயிற்றை இழுத்து, ஓர் அடி முன்னே வைத்தேன்.

நேராக எழுந்தது. பின்னால் தொங்கவில்லை, இடப்பக்கம் இழுக்கவில்லை. தலைக்கு மேல் வந்து நின்றது, சொன்னதைக் கேட்கும் மாடு மாதிரி. இரண்டு மாதமாக நான் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே துணி. ஓடினோம். ஏரி நடுவில் ஒரு காற்று தூக்கியதில் நாங்கள் இருவரும் முழங்கால் உயரத்துக்கு எழும்பி, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி இறங்கினோம்.

"போயிட்டாரு போயிட்டாரு!" என்று ஏகாம்பரம் கத்தினார்.

"எங்க போவாரு? ராத்திரி சோத்துக்கு வந்துடுவாரு" என்றார் செல்வி. ஆனால் எழுந்து நின்றிருந்தார், கையைக் கண்ணுக்கு மேல் வைத்து.

ஏழு முறை எழுப்பினோம். ஏழு முறையும் நேராக.

வண்டியின் பின்பலகையில் வைத்து குமரேசன் காகிதத்தை எழுதினார். கீழே இரண்டு கையெழுத்து வேண்டும். பழுது பார்த்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர். இரண்டிலும் அவரே போடப்போனார். இத்தனை வருடமும் அப்படித்தானாம்.

"உங்க கையெழுத்து ஒண்ணு போதும். ரெண்டாவது எனக்கு அவங்களோடது வேணும்" என்றேன்.

"நானா? நான் குடையில ஏறினதே இல்லியே" என்றார் செல்வி.

"நான் ஏறினவதான். எனக்குத் தெரிஞ்சுதா? போடுங்க லா."

"லா லான்னு பாடுறாங்களே, போடேன் செல்வி" என்றார் ஏகாம்பரம்.

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, தமிழில் போட்டார். குமரேசன் அந்தக் காகிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "அடுத்த குடைக்கும் நீயே போட்டுடு" என்றார். "தறி இல்லாத நேரத்துல பாக்கலாம்" என்றார் செல்வி. அது சரி என்று அர்த்தம் என்பது எனக்கே புரிந்தது.

விமானத்தைப் பிடித்துவிட்டேன். சனிக்கிழமை பறந்தோம், பதினொரு நிமிடம். குன்று எனக்குக் கிடைத்தது. இப்போது அங்கே என் பெயர்ப் பலகை இருக்கிறது, இடது நுனியைப் பாக் டின் பிடிக்கிறார், காஞ்சிபுரத்துக்கு இன்னும் இரண்டு பாராகிளைடர் அனுப்பியிருக்கிறேன். பறந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதற்கு முன் குன்றின் மேல் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தவுக்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். இரண்டாவது கையெழுத்தில் விரலை வைத்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது.

"சரிபார்த்தது யார்? பைலட்டா?"

"இல்லை."

"இன்ஜினியரா?"

"இல்லை. பட்டு நெய்கிறவர்."

அவர் காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு திரும்பி, புல்லின் மேல் விரித்திருந்த கயிறுகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். காகிதத்தை நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்தார். ஹெல்மெட்டுக்குக் கையை நீட்டினார்.